வாலை வைத்துக் குரங்கை எடை போடலாமா?

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 9 மே 2025

தடைக்காலம். போட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். டீக்கடையில் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் குரங்கில் வந்து நின்றது. என் மச்சான் சொல்கிறான்: வால் இருந்தால் குரங்கு, இல்லாவிட்டால் மனிதக் குரங்கு, பிரிக்க வேறு எதுவும் வேண்டாமாம். நான் சொன்னேன், எல்லாம் ஒரே சாதிதான், ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, சேட்டை எல்லாவற்றுக்கும் பொது. கால்நடை மருந்தகத்தில் இருந்த அண்ணன் வந்து தீர்த்து வைக்கட்டும். பந்தயம் இரண்டு பரோட்டா.

9 மே, இரவு

ஆளுக்கொரு பரோட்டா எடுத்து வையுங்கள், இரண்டும் எனக்கு.

வால் கணக்கு நிற்காது தம்பி. மொராக்கோ, அல்ஜீரியா மலைகளிலும் ஜிப்ரால்டர் பாறையிலும் பார்பரி மக்காக் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஆனால் நம் கோயில் குரங்குக்கு நேர் பங்காளி. நம் ஊர்த் தேவாங்குக்கும் வால் கிடையாது, அது குரங்கிலும் சேராது, மனிதக் குரங்கிலும் சேராது. மச்சான் சொன்னதில் பாதி சரி: கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனோபோ, அப்புறம் நாம், யாருக்கும் வால் இல்லை. டிபிஎக்ஸ்டி என்ற ஜீனுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டு நுழைந்து உட்கார்ந்ததுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2024 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. எலியில் அதே மாதிரி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், குட்டை வாலோடும் வாலே இல்லாமலும் குட்டி பிறந்திருக்கிறது. நம் முன்னோர் வாலை விட்டது சுமார் 2.5 கோடி வருஷத்துக்கு முன்னால்.

10 மே

வாலை விட்டுத் தோளைப் பாருங்கள். ஆட்டை உரித்தவர்களுக்குத் தெரியும், தோள்பட்டை எலும்பு நெஞ்சுக்கூட்டின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும், கால் முன்னும் பின்னும்தான் வீசும். கோயில் குரங்குக்கும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான், கிளைமேல் நாலு காலில் ஓடுகிற பிராணி, நெஞ்சு ஒடுங்கி ஆழமாக இருக்கும். மனிதக் குரங்குக்கும் நமக்கும் தோள்பட்டை முதுகுப் பக்கம் போய், நெஞ்சு அகன்று தட்டையாகி, கை தலைக்கு மேலே தாராளமாகச் சுற்றும். கிளையில் ஒற்றைக் கையால் தொங்கி மறு கையால் பழம் பறிக்கிற உடம்பு இது. இந்தியாவில் இருக்கிற மனிதக் குரங்கு ஹூலக் கிப்பன் மட்டும்தான், வடகிழக்குக் காடுகளில், அசாமில் ஜோர்ஹாட் பக்கம் ஹோலோங்காபரில் அதற்கென்றே சரணாலயம் இருக்கிறது. ஆண் கறுப்பு, பெண் வெளிர் பழுப்பு. காலையில் ஜோடியாகப் பாட்டெடுத்தால் காடு முழுக்கக் கேட்கும். தரையில் இறங்கினால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே தூக்கிக்கொண்டு ஓடும், அவ்வளவு நீளம்.

நம் பக்கத்துப் பனையேறிகளைக் கவனித்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். மரத்தைக் கட்டிப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிற அந்தத் தோள் மனிதக் குரங்குத் தோள், சந்தேகமே இல்லை. காலில்தான் குறை. சிம்பன்சிக்குக் கால் பெருவிரல் விலகி நிற்கும், கிளையைக் கவ்வும். நமக்கு அது மற்ற நாலு விரலோடு வரிசையில் சேர்ந்துவிட்டது, பாதத்தில் வளைவு வந்துவிட்டது, நடக்க ஓட அருமையான கால், பிடிக்க உதவாது. அந்தக் குறையைத்தான் இரண்டு பாதத்தையும் சேர்த்துப் போடுகிற தளைநார் ஈடு கட்டுகிறது. சிம்பன்சியிடம் தளைநாரைக் கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விடும்.

11 மே

நேற்று எழுதியது மனிதக் குரங்குக்கும் குரங்குக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் தம்பி கேட்டது அது மட்டுமில்லை, “எல்லாம் ஒரே சாதி” என்றார். அதற்கு நான் காட்டுகிற இடம் வாயும் வயிறும். ஒரு குரங்கு எதைத் தின்கிறது, எங்கே உட்கார்ந்து தின்கிறது என்று தெரிந்தால் அதன் உடம்பில் பாதியையும் குணத்தில் பாதியையும் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தோப்பில் நிலக்கடலை காயப் போட்டிருந்தோம். நாட்டுக் குரங்கு ஒன்று, பெண், வயிற்றில் குட்டி தொங்குகிறது, இறங்கி வந்து கடலையைத் தின்னவே இல்லை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் போட்டது, போடப் போடத் தாடைக்குக் கீழே கழுத்து இரண்டு பக்கமும் புடைத்தது. களையெடுக்கப் போன பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி அள்ளிக்கொண்டு ஓலைக் கொட்டகை மேலே போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தி, ஒவ்வொரு கடலையாக வாய்க்குள் தள்ளி, நிதானமாக உடைத்துத் தின்றது. நான் கம்போடு நிற்கிறேன், அது என்னைப் பார்த்துக்கொண்டே தின்கிறது. அந்தக் கன்னப் பை, நாட்டுக் குரங்கும் சேர்ந்த மக்காக் வகை எல்லாவற்றுக்கும் உண்டு, ஆப்பிரிக்க பபூனுக்கும் உண்டு. பெரிய குரங்கு வந்து பிடுங்குவதற்குள், நாய் வருவதற்குள் அள்ளிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போகிற ஏற்பாடு. பழம், விதை, பூச்சி, முட்டை, நம் வீட்டுச் சோறு என்று எதையும் தின்கிற வாய் அது. சிதறிக் கிடக்கிற தீனி, யார் முதலில் என்ற போட்டி, அதனால் கூட்டத்துக்குள் ஓயாத சண்டை, சமாதானம், அந்தஸ்து.

லங்கூருக்கு, அதாவது முண்டந்துறையில் பார்க்கிற கருமந்திக்கும் சாம்பல் மந்திக்கும், கன்னப் பை கிடையாது. அதற்குப் பதில் வயிறு. பல அறையாகப் பிரிந்த பெரிய இரைப்பை, முன் அறையில் நுண்ணுயிர் இலையைப் புளிக்க வைக்கும். மாட்டு வயிற்றில் நடக்கிற வேலைதான், அசை போடுவது மட்டும் கிடையாது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்த நுண்ணுயிரை உடைத்துச் செரிக்கிற லைசோசைம் என்ற என்சைம் மாட்டிலும் லங்கூரிலும் தனித்தனியாக மாறி ஒரே மாதிரி ஆகியிருக்கிறது. உறவே இல்லாத இரண்டு பிராணி, இலை என்ற ஒரே தீனி, வயிற்றுக்குள் ஒரே தீர்வு. மாட்டு வயிற்றோடு காலம் தள்ளியவன் என்பதால் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இலை எங்கே பார்த்தாலும் இருக்கும், அடித்துப் பிடுங்க வேண்டியதில்லை, ஆனால் செரிக்க நேரம் ஆகும். அதனால் லங்கூர் தின்றுவிட்டு மணிக்கணக்கில் தொந்தியைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும். கை விரல் நீளம், கட்டைவிரல் குட்டை, கிளையை இழுத்து இலை பறிக்க அது போதும். மக்காக்கின் கட்டைவிரல் ஒரு கடுகைக்கூடப் பொறுக்கும். குட்டி வளர்ப்பிலும் வித்தியாசம் தெரியும்: லங்கூர்ப் பெண்கள் பிறந்த குட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி வைத்துக்கொள்ளும், பெற்றவள் அந்த நேரம் மேய்ந்துவிட்டு வருவாள். மக்காக் தாய் குட்டியை அவ்வளவு லேசில் கொடுக்க மாட்டாள், கொடுத்தால் திரும்பி வருமா என்பது நிச்சயமில்லை.

11 மே, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்தால் லங்கூர் சாது, மக்காக் ரவுடி என்று தோன்றும். அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். 1960களில் கர்நாடகத்தில் தார்வார் காட்டில் ஜப்பான்காரர் சுகியாமா பார்த்ததும், 1970களில் ராஜஸ்தான் அபு மலையில் சாரா ஹர்டி பார்த்ததும் வேறு கதை. பல பெண்ணுக்கு ஒரே ஆண் இருக்கிற லங்கூர்க் கூட்டத்துக்குள் வெளி ஆண் புகுந்து பழைய ஆணைத் துரத்திவிட்டால், பால்குடிக் குட்டிகளைக் கடித்துக் கொல்லும். பால் நின்றால் தாய் சீக்கிரம் பருவத்துக்கு வருவாள், அடுத்த குட்டி அவனுடையது. இலை தின்கிற சாதுவான வயிறு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். தீனியை வைத்துக் குணத்தில் பாதியைத்தான் சொல்லலாம் என்று நான் எழுதியது இதற்காகத்தான்.

12 மே

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கூச்சப்பட்டுக்கொண்டே கேட்கிறார், குரங்குக்குப் பின்பக்கம் ஏன் மொட்டையாகக் காய்த்துப்போய் இருக்கிறது என்று. இதில் கூச்சம் எதற்கு, நான் மாட்டுக்குச் சினை பார்த்த ஆள்.

அது காய்ப்பு இல்லை, பிறவியிலேயே உள்ள தடிப்பு. இடுப்பு எலும்பின் அடிப்பக்கம் அகன்று, மேலே தடித்த தோல் போர்த்தியிருக்கும். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்கு எல்லாவற்றுக்கும் உண்டு, கிப்பனுக்கும் உண்டு. இவை உட்கார்ந்தபடியே கிளையில் தூங்குகிற சாதி, புலி சிறுத்தை எட்டாத மெல்லிய கிளையில் ராத்திரி முழுக்க உட்கார மெத்தை வேண்டாமா. ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சிக்கு அந்தத் தடிப்பு இல்லை, ஏனென்றால் அவை படுத்துத் தூங்கும். ஒவ்வொரு சாயங்காலமும் கிளையை மடித்துப் புதுப் படுக்கை போடும், மறுநாள் வேறு இடம், வேறு படுக்கை. நாம் பனைநார்க் கட்டில் வரைக்கும் வந்துவிட்டோம். நம்முடைய பின்பக்கம் முழுக்கச் சதை, நிமிர்ந்து ஓடவும் ஏறவும் வந்த சதை. கட்டிலில் கிடப்பதற்காக வந்தது என்று என் வீட்டில் சொல்வார்கள்.

14 மே

“குரங்குக்கு நீச்சல் தெரியுமா, தெரிந்தால் அது ஏன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போகவில்லை, சேதுவை வேறு கட்டிக் கொடுத்திருக்கிறதே” என்று அதே தம்பி. தடைக்காலத்தில் கேள்வி எப்படி வருகிறது பாருங்கள்.

நாட்டுக் குரங்குக்கு நீச்சல் நன்றாகவே தெரியும். தெப்பக்குளப் படியில் குட்டிக் குரங்குகள் சுவரிலிருந்து குதித்து முங்கி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். போர்னியோவில் மூக்கு நீண்ட லங்கூர் உறவு ஒன்று இருக்கிறது, புரோபோசிஸ் குரங்கு, ஆற்றை நீந்திக் கடக்கும், கால் விரலுக்கிடையில் கொஞ்சம் சவ்வுகூட உண்டு. ஆனால் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், நடுவில் மணல் திட்டுதான், நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. உங்களையே போட் இல்லாமல் போகச் சொன்னால் போவீர்களா?

போகவில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. இன்றைக்குப் போகவில்லை. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால் பனியுகத்தில் உலகம் முழுக்கக் கடல்மட்டம் 120 மீட்டர் வரை கீழே இருந்தது. பாக் விரிகுடாவில் வலை போடுகிறவர்கள் உங்களுக்கு ஆழம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பத்துப் பன்னிரண்டு மீட்டர் கிடைத்தால் பெரிசு. அப்போது ராமநாதபுரமும் மன்னாரும் ஒரே தரை. பனியுகம் ஒன்று இல்லை, பல தடவை வந்து போயிருக்கிறது, தரையும் பல தடவை திறந்து மூடியிருக்கிறது. அந்தப் பாதையில் போனவற்றின் வாரிசுகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். இலங்கையின் செங்குரங்கு, தோக் மக்காக் என்று புத்தகத்தில் இருக்கும், நம் நாட்டுக் குரங்குக்கு மிக நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் உச்சந்தலையில் மயிர் வட்டமாகப் பிரிந்து தொப்பி வைத்தது மாதிரி இருக்கும். இலங்கைக்காரர் உருவத்தில் சின்னவர், மக்காக் வகையிலேயே சிறிய உடம்பு அதற்குத்தான் என்பார்கள். நிறம் இன்னும் செம்பட்டை, பெண்ணுக்கு முகம் சிவப்போடும். சாம்பல் மந்தி இரண்டு கரையிலும் உண்டு. தேவாங்கிலும் சாம்பல் வகை இரண்டு கரையிலும் இருக்கிறது, சிவப்பு வகை இலங்கையில் மட்டும்.

சேட்டையில் அங்கே உள்ளது நம்முடையதை மிஞ்சிவிட்டது. 2025 பிப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டி நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னார். மார்ச் 15 அன்று காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் எல்லோரும் அவரவர் தோட்டத்தில் நின்று குரங்கு, மயில், மலையணில் எண்ணச் சொன்னது அரசாங்கம். அதற்கு முன்னால் 2023இல் ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்புகிறோம் என்று பேச்சு கிளம்பி, எதிர்ப்பு வந்து நின்றது. தேங்காய் போன கோபம் எனக்கும் புரிகிறது, ஆனால் ஐந்து நிமிஷத்தில் ஒரே குரங்கை நாலு வீட்டுக்காரர் எண்ணியிருப்பார்களே என்றுதான் என் புத்தி போகிறது. எங்கள் தோப்புக் குரங்கு ஐந்து நிமிஷத்தில் ஆறு தோப்பு தாண்டும்.

15 மே

நேற்று நீச்சல் பற்றி எழுதியது வாலுள்ள குரங்குக்குத்தான். மனிதக் குரங்குகளுக்கு அது பொதுவாக வராத வேலை, மிருகக்காட்சி சாலையில் அகழி வெட்டித் தண்ணீர் விட்டாலே போதும் என்று விடுவது அதனால்தான். இதன் விளைவு ஆப்பிரிக்காவில் பெரிசாகத் தெரியும். காங்கோ ஆற்றுக்கு வடக்கே சிம்பன்சி, தெற்கே போனோபோ. பத்து இருபது லட்சம் வருஷத்துக்கு முன்னால் பிரிந்த ஒரே வம்சம், குறுக்கே நிற்பது தண்ணீர். ரொம்ப நாளாக இரண்டையும் ஒன்று என்றே நினைத்திருக்கிறார்கள். 1929இல் பெல்ஜியத்தில் டெர்வூரன் அருங்காட்சியகத்தில் ஒரு மண்டையோட்டைப் பார்த்துத்தான் எர்ன்ஸ்ட் ஷ்வார்ட்ஸ் இது வேறு என்றார்.

உடம்பில் வித்தியாசம் கொஞ்சம்தான். போனோபோ ஒல்லி, கால் நீளம், தலை சின்னது, முகம் கறுப்பு, உதடு சிவப்பு, தலைமயிர் நடுவகிடு எடுத்தது மாதிரி. நடத்தையில்தான் தலைகீழ். சிம்பன்சிக் கூட்டத்தில் ஆண்கள் ராஜ்யம். சேர்ந்து எல்லை சுற்றுவார்கள், அடுத்த கூட்டத்து ஆள் தனியாக மாட்டினால் கொன்றும் விடுவார்கள். போனோபோவில் பெண்கள் கைதான் ஓங்கும். தனித்தனியாக ஆண்தான் பலசாலி, ஆனால் ஓர் ஆண் முறைத்தால் நாலு பெண்கள் சேர்ந்து வருவார்கள். அடுத்த கூட்டம் வந்தால் சேர்ந்து உட்கார்ந்து தின்பதும் உண்டு. காரணம் தீனி என்று ஒரு கட்சி: தெற்கே கொரில்லா இல்லை, தரைத் தீனிக்குப் போட்டி இல்லை, அதனால் பெண்கள் பிரிந்து அலையாமல் கூடி மேய முடிந்தது என்கிறார்கள். என் வாய் வயிறு கட்சிக்கு இது சாதகம் என்பதால் நான் இதைச் சீக்கிரம் நம்பிவிடுகிறேன், நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நமக்கு நெருக்கம் எது என்றால் இரண்டும் சமம்தான். சிம்பன்சியைக் காட்டிச் “சண்டை நம் ரத்தத்தில் இருக்கிறது” என்று பேசுகிறவரிடம் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரையும் கேளுங்கள்.

18 மே

தேவாங்கை நடுவில் விட்டுவிட்டேன், அதற்குத் தேவிபட்டினம் அக்கா கோபித்துக்கொண்டார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பரமக்குடிச் சந்தைக்குக் குறி சொல்கிறவர் ஒருவர் தேவாங்கோடு வருவார். பட்டப்பகலில் அதை வெளியே எடுத்துச் சீட்டெடுக்க வைப்பார், அது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடுங்கும். ராத்திரிப் பிராணி, பகல் வெளிச்சம் அதற்குச் சித்திரவதை என்று அப்போது யாருக்குத் தெரியும். என்னைக் கையை நீட்டச் சொன்னார். அது என் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. கால் கிலோகூட இருக்காத பிராணி, விரலை உருவ முடியவில்லை. ஒவ்வொரு விரலாகத்தான் அவர் பிரித்து எடுத்தார். அப்போது பார்த்தேன், அதன் கையில் ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டை முளை. யாரோ வெட்டிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

வெட்டவில்லை, அப்படித்தான் பிறக்கிறது. அந்த விரல் குறுகிவிட்டால் கட்டைவிரலுக்கும் மற்ற மூன்று விரலுக்கும் நடுவில் இடைவெளி அதிகம், மெல்லிய கொம்பை இடுக்கி மாதிரி கவ்வலாம். கை கால் ரத்தக்குழாய்கள் பின்னல் பின்னலாகப் பிரிந்து ஓடுவதால் மணிக்கணக்கில் பிடித்தாலும் மரத்துப்போகாது என்கிறார்கள். கால் இரண்டாம் விரலில் மட்டும் நகத்துக்குப் பதில் கூர் நகம், சொறிந்துகொள்ள. கீழ்த்தாடை முன்பற்கள் சீப்பாகச் சேர்ந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மயிர் வார. மூக்கு நாய்க்கு இருப்பது மாதிரி ஈரம். கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம், டார்ச் அடித்தால் சிவப்பாக மின்னும். மூத்திரத்தைக் கையிலும் காலிலும் பூசிக்கொள்ளும், கடிக்கிற பூச்சியைப் பிடித்துத் தின்பதற்கு அது உதவுகிறது என்று ஒரு கருத்து. குரங்குக்குட்டி தாய் வயிற்றை விடாது, தேவாங்கு தாய் ராத்திரி குட்டியைக் கிளையில் உட்கார வைத்துவிட்டு இரை தேடப் போய்விடும், குட்டி சத்தம் போடாமல் அங்கேயே இருக்கும். இன்னொன்று, தேவாங்கின் வகையறா வைட்டமின் சியைத் தானே உடம்பில் செய்துகொள்ளும். குரங்குக்கும் நமக்கும் அது போய்விட்டது, நெல்லிக்காய் தின்றாக வேண்டும்.

கரூர், திண்டுக்கல் மாவட்டத்தில் கடவூர்க் காட்டில் 2022 அக்டோபரில் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர், நாட்டிலேயே முதல். நல்ல காரியம். கண்ணை மருந்துக்கு என்று பிடித்து விற்றவர்கள் இருந்த நாடு இது.

20 மே

“குரங்கு என் பையனைப் பார்த்துச் சிரித்தது, போட்டோ இருக்கிறது.” சிரிக்கவில்லை. உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டிச் சத்தமில்லாமல் நின்றால் நாட்டுக் குரங்கு பயந்திருக்கிறது, “விட்டுவிடு” என்கிறது. வாயை வட்டமாகத் திறந்து கண்ணை நேராகப் பார்த்தால் அடிக்கப் போகிறது. பெரிய ஆண் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், கோரைப்பல்லைக் காட்டுகிறார். உதட்டைச் சப்பு சப்பென்று அடித்தால் நட்பு. நாம் பாசமாகக் கண்ணைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பது அதற்குக் குழப்பமான கடிதாசி.

27 மே

கடற்கரைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை: குரங்கு மீன், நண்டு தின்னுமா? நம் கரையில் நாட்டுக் குரங்கு நண்டு பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் தாயாதி நீளவால் மக்காக் அதில் கெட்டி. நிக்கோபாரில் இருப்பது அந்த வகைதான், நண்டும் தின்னும். தாய்லாந்தில் அந்தமான் கடல் பக்கத் தீவுகளில் அவை கல்லை எடுத்துப் பாறையில் ஒட்டிய சிப்பியை உடைக்கின்றன. சிப்பிக்குக் கூர்முனையுள்ள சின்னக் கல், கெட்டி ஓட்டு நத்தைக்குப் பெரிய கல், எதற்கு எது என்று அதற்குத் தெரியும். 2007இல் இதை எழுதினார்கள். அதுவரை கல்லால் உடைக்கிற வேலை சிம்பன்சிக்கும் தென் அமெரிக்கக் கபூச்சின் குரங்குக்கும்தான் என்று இருந்தது. ஜப்பானில் கோஷிமா தீவில் 1953இல் இமோ என்ற இளம் பெண் குரங்கு சீனிக்கிழங்கை மண் போகக் கழுவித் தின்ன ஆரம்பித்து, கூடப் பிறந்தவை, விளையாட்டுத் தோழர்கள், தாய் என்று அந்தப் பழக்கம் பரவியது. பெரிய ஆண்கள்தான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் சங்கக் கூட்டமும் அப்படித்தான்.

பாருங்கள், மக்காக் ஒரே பேரினம், இருபதுக்கு மேல் வகை. பனியில் ஜப்பானியர், உப்புத் தண்ணீரில் தாய்லாந்துக்காரர், வால்பாறைச் சோலையில் தரைக்கு வர யோசிக்கிற சிங்கவால் குரங்கு, நம் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறக்கிற நாட்டுக் குரங்கு. உடம்பு ஏறக்குறைய அதேதான். இங்கே என் வாய் வயிறு கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எதையும் தின்கிற வாய்க்கு ஊரும் கூட்டமும் சொல்லிக் கொடுப்பதுதான் மீதி.

3 ஜூன்

தேவிபட்டினம் அக்கா: “குரங்கைப் பிடித்து மதுரைப் பக்கம் விட்டுவிட்டால் என்ன?”

அக்கா, மதுரைக்காரர் பிடித்து இங்கே விடுகிறார் என்பது எங்கள் ஊர்ப் புகார். மக்காக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே தாய், மகள், பேத்தி என்று வரிசையாக இருப்பார்கள், ஆண்கள்தான் வயசு வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போவார்கள். கூண்டில் மாட்டியதை மட்டும் கொண்டுபோய் விட்டால் குடும்பம் உடைகிறது, போன இடத்தில் அடி விழுகிறது, காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வருகிறது. தீனி இருக்கும்வரை இடம் காலியாக இருக்காது.

நாட்டுக் குரங்கை நான் கொஞ்சம் தூக்கிப் பேசுவேன், அதற்குக் காரணம் உண்டு. வடக்கே இருக்கிற ரீசஸ் குரங்கோடு வைத்துப் பார்த்தால் நம்முடையது பரவாயில்லை. ரீசஸில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கிட்டவே சேர்க்க மாட்டார். நம்முடையதில் வளர்ந்த ஆண்களே கட்டிப் பிடிப்பதும், ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பதும், குட்டியோடு விளையாடுவதும் சகஜம். பந்திப்பூரில் இவை மனிதரிடம் கையை நீட்டிக் ‘கூ’ என்று குரல் கொடுத்துத் தீனி கேட்பதை ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள், அதாவது நம்மைப் பார்த்து, நம் கவனம் இருக்கிறதா என்று கவனித்துக் கேட்கிறது. பிடுங்குவதற்குப் பதில் கேட்கக் கற்றிருக்கிறது. ரீசஸ் தெற்கே பரவப் பரவ நாட்டுக் குரங்கின் இடம் சுருங்குகிறது என்பது இன்னொரு கவலை.

செய்ய வேண்டியது: தொட்டி மூடிக்குப் பூட்டு, குப்பைக்கு மூடி, யாரும் பிஸ்கட் போடாமல் இருப்பது. கடைசியைச் சொன்னால்தான் ஊரில் சண்டை.

5 ஜூன்

பேன் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்க்கிறோமே, அந்தத் தலைப்பேனும் சிம்பன்சியின் பேனும் ஒரே பேரினம், நாமும் அதுவும் பிரிந்தபோது பேனும் பிரிந்திருக்கிறது. மறைவிடத்துப் பேன் மட்டும் கொரில்லாவின் பேனுக்குச் சொந்தம். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், கொரில்லா விட்டுப்போன படுக்கையில் படுத்திருக்கலாம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

16 ஜூன்

தொண்டித் தம்பி கடலுக்குப் போய்விட்டார், இப்போது அவர் வீட்டுக்காரி கேட்கிறார்: தாயில்லாத குரங்குக்குட்டி ஒன்று தெருவில் கிடக்கிறது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், வளர்க்கலாமா, லேசாகக் கடித்தது, மஞ்சள் வைத்திருக்கிறேன்.

முதலில் கடி. மஞ்சளை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசி போடுங்கள், குட்டி என்று பார்க்காதீர்கள். அப்புறம் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாமே வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் காசநோய் அதற்கு ஒட்டும், அதனிடம் இருப்பது நமக்கு ஒட்டும். ஐந்தாறு வயசில் கோரைப்பல் முளைத்ததும் வீட்டில் தன் இடம் எது என்று பார்க்க ஆரம்பிக்கும், யாரை மடக்கலாம் என்று அதற்கு நன்றாகத் தெரியும், வீட்டிலேயே சின்னப் பிள்ளையிடம்தான் போகும். அப்போது சங்கிலி போட்டுத் தூணில் கட்டுவீர்கள், கூட்டத்தோடு வாழ வந்த பிராணி தனியாக ஆடிக்கொண்டே நிற்கும், அப்படி நின்றவற்றை நான் மருந்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் குட்டிதான் வேண்டுமென்றால் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தடுப்பூசி எப்போது என்று நானே சொல்கிறேன்.